பிடிவாதம் பிடிக்கும் ஃபேன் கிளட்ச்: கழற்றுவதாக நினைத்து இறுக்குகிறவர்களுக்கு

போன வருடம் ஒரு போயா நாள். ஹட்டனுக்குப் பக்கத்தில் கூட்டாளி ஒருவரின் வீட்டு முற்றத்தில், அவருடைய பழைய ஆறு சிலிண்டர் பி.எம்.டபிள்யூவின் ஃபேன் கிளட்சை, அதாவது ரேடியேட்டர் விசிறியை எஞ்சினோடு இணைக்கும் பாகத்தை, கழற்ற உட்கார்ந்தோம். காலை எட்டுக்குத் தொடங்கிய வேலை பகல் இரண்டாகியும் முடியவில்லை. நட்டு ஒரு இம்மிகூட அசையவில்லை. ஸ்பேனரின் வாலில் இரும்புக் குழாயை மாட்டி இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். கடைசி இழுப்பில் ஸ்பேனர் வழுக்கி நேராக ரேடியேட்டரில் போய்க் குத்தியது. அந்த நேரம் பார்த்து ரோட்டால் வந்த லொறி பாஸ் (மெக்கானிக்) ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இறுக்கிக்கிட்டு இருக்கீங்களே தம்பி!"

இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு இதுதான். துருவைத் திட்டுகிறோம், பழைய கார் என்று சலித்துக்கொள்கிறோம். ஆனால் பாதி நேரம் பிழை நம் கையின் திசையில்தான் இருக்கிறது.

சங்கில் வலம்புரி, இடம்புரி என்று இருப்பதுபோல நட்டிலும் உண்டு. பழைய பி.எம்.டபிள்யூ மாதிரிச் சில கார்களில் ஃபேன் கிளட்சின் பின்புறத்தில் 32 மில்லிமீட்டர் அளவில் ஒரே ஒரு பெரிய நட்டு இருக்கும். அது நேராகத் தண்ணீர் பம்பின் தண்டில் திருகப்பட்டிருக்கும். தண்டு ஒரு பக்கம் சுற்றும்போது காற்று விசிறியை எதிர்ப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலில் நட்டு கழன்றுவிடக் கூடாது, மாறாக இறுக வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் புரியை வெட்டியிருக்கிறார்கள். ஆகவே எந்தக் காராக இருந்தாலும் ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளலாம்: எஞ்சின் ஓடும்போது விசிறி எந்தப் பக்கம் சுற்றுமோ, அதே பக்கம் திருப்பினால் இந்தப் பெரிய நட்டு கழலும். பி.எம்.டபிள்யூவில், காருக்கு முன்னால் நின்று எஞ்சினைப் பார்த்தால் அது கடிகார முள் சுற்றும் திசை. நாங்கள் ஆறு மணி நேரம் செய்தது அதற்கு நேர் எதிர்.

நம் பக்கத்தில் அதிகம் ஓடுகிற பழைய ஹயஸ், ஹைலக்ஸ், எல்300 வகையறாக்களில் கதை வேறு. அங்கே பெரிய நட்டு கிடையாது. பம்பின் முகத்தில் நான்கு சிறிய நட்டுகள் கிளட்சைப் பிடித்திருக்கும். அவை சாதாரணப் புரிதான், வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் போதும். எது எந்த வகை என்று டார்ச் அடித்துப் பார்க்காமல் ஸ்பேனரைத் தூக்கவே கூடாது.

அடுத்த தவறு, வேலையை வசதியாக்குவதாக நினைத்து முதலில் பெல்டைக் கழற்றிவிடுவது. பெல்ட் போனால் புலி (பெல்ட் ஓடும் சக்கரம்) சும்மா சுற்றும், நட்டும் கூடவே சுற்றும். பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். அப்புறம் பெல்ட். பெரிய நட்டு வகையில் பெல்ட் வழுக்கினால் புலியின் போல்ட் தலைகளில் ஒரு இரும்புப் பட்டையை மாட்டிப் பிடிக்க வேண்டும். விசிறி இறக்கையைக் கையால் பிடித்துக்கொண்டு நெம்பாதீர்கள். இருபது, இருபத்தைந்து வருடம் சூட்டில் காய்ந்த பிளாஸ்டிக் அது. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று விழுந்தால், பிறகு எஞ்சின் வேகமாக ஓடும்போது இறக்கை உடைந்து பானெட்டையே கிழிக்கும்.

நீளக் குழாயை மாட்டி மெதுவாக இழுப்பதும் இங்கே எடுபடாது. அந்த விசை முழுவதும் பெல்டை வழுக்கவைக்கும், பம்பின் பேரிங்கை வருத்தும், அவ்வளவுதான். சரியான பக்கம் ஸ்பேனரை வைத்து, அதன் வாலில் சுத்தியலால் சுருக்கென்று ஒரு தட்டு. பம்ப் சுற்றத் தொடங்குவதற்குள் நட்டு விடுபட்டிருக்கும். அந்த லொறி பாஸ் இரண்டே தட்டில் எடுத்தார். எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நான்கு நட்டு வகையில் ஆபத்து வேறு. பம்பின் சீல் தேய்ந்து, அடியிலுள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் கசிந்திருந்தால் நட்டுகளைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். அதன்மேல் மலைநாட்டு மழையும் பனியும். திறந்த வாய் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் மூலை மழுங்கும், அல்லது ஸ்டட் முறிந்து கையோடு வரும். கம்பித் தூரிகையால் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே அடித்துவிட்டுப் படுங்கள். காலையில் ஆறு முனை ரிங் ஸ்பேனரைப் போடுங்கள். காஸ் விளக்கால் சூடு காட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கிளட்சுக்குள் சிலிக்கோன் எண்ணெய், பக்கத்தில் பம்பின் சீல், பேரிங் கிரீஸ். நெருப்பு இவை எல்லாவற்றையும் தின்றுவிடும்.

ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே ஒரு தடித்த அட்டையைச் செருகாதது எங்களுக்கு அன்று விழுந்த செலவு. (அட்டை என்றதும் காலில் ஏறுவது ஞாபகம் வந்தால் நீங்கள் நம்ம ஊர்தான்.) பழைய தேயிலைப் பெட்டியின் ஒரு பக்கம் போதும். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும், பற்றரியின் நெகட்டிவ் வயரையும் எடுத்துவிடுங்கள். ஏசி உள்ள காரில் முன்னால் இருக்கும் மின்விசிறி தானாகச் சுற்றித் தொலைக்கும்.

கழற்றிய கிளட்சை மேசைமேல் படுக்கப் போடாதீர்கள். காரில் இருந்ததுபோலவே நிமிர்த்தி, சுவரில் சாய்த்து வையுங்கள். படுத்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் போகக்கூடாத இடத்துக்குப் போகும், பேரிங் பக்கம் கசியும்.

"கழற்றினது கழற்றினதாகவே இருக்கட்டும், டீசல் மிச்சம்" என்று விசிறியே இல்லாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. கொழும்பு - கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் வேண்டுமானால் காற்று தானாக வந்து குளிர்விக்கும். கினிகத்தேன ஏற்றத்திலோ ரம்பொட வளைவுகளிலோ இரண்டாம் கியரில், ஆள் நிறைந்த வேன் ஊர்ந்து ஏறும்போது எஞ்சினுக்கு உச்ச வேலை, முன்னாலிருந்து வரும் காற்றோ சொற்பம். விசிறி இருப்பதே அந்த நேரத்துக்காகத்தான். போதாக்குறைக்கு 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் தளர்ந்திருந்தால் புஸ்ஸல்லாவயைத் தாண்டியதுமே ஆவி பார்க்கலாம்.

புதிய கிளட்சைப் பூட்டும்போது பெரிய நட்டின் முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். புரி மாறிக் கடித்தால் பம்பும் சேர்ந்து போகும். மூச்சைப் பிடித்து இறுக்கவும் வேண்டாம், ஓட ஓட அது தானாகவே இறுகும்.

மறுநாள் விடியற்குளிரில் ஸ்டார்ட் பண்ணியதும் விசிறி "ஹோ" என்று இரைந்தால் பயந்து மறுபடி கழற்றிவிடாதீர்கள். இரவு முழுவதும் நின்றதில் எண்ணெய் இறங்கிக் கிளட்சைப் பிடித்திருக்கிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்தில் சத்தம் அடங்கிவிடும்.