பிஆர், சிட்டிசன்ஷிப் பைல்: கனடாவில் சட்டத்தரணி தேடும்போது

முதலில் உங்கள் பைலுக்குச் சட்டத்தரணி தேவையா என்று பாருங்கள். பிஆர் (நிரந்தர வதிவிட) கார்டைப் புதுப்பிக்கவும் சிக்கலில்லாத சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்துக்கும் பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. சிட்டிசன்ஷிப்புக்குக் கடந்த ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவுக்குள் இருந்திருக்க வேண்டும். வரி பைல் பண்ணவேண்டியவர் என்றால் அந்த ஐந்தில் மூன்று வருடத்துக்காவது செய்திருக்க வேண்டும். 18 முதல் 54 வயதுக்காரருக்கு மொழிச் சான்றும் 20 கேள்விகொண்ட பரீட்சையும் உண்டு. 15 சரியாக வந்தால் போதும். இவ்வளவுக்கும் கனடாவின் குடிவரவுத் திணைக்களமான ஐஆர்சிசியின் இணையத்தளமும் பொறுமையாக உட்கார ஒரு சனிக்கிழமையும் போதும்.

ஆனால் நாள்கணக்கில் கவனம் வேண்டும். பிஆர் கிடைப்பதற்கு முன் ஸ்டுடண்ட் விசாவிலோ வேர்க் பேர்மிற்றிலோ இருந்த ஒரு நாள் அரை நாளாகவே எண்ணப்படும். அதுவும் அதிகபட்சம் 365 வரைதான். அப்படி 400 நாளும் பிஆர் ஆகி 900 நாளும் இருந்தவருக்குக் கணக்கு 1,100. கையில் மிச்சம் ஐந்தே நாள். நியூ ஜேர்சிக் கல்யாணத்துக்கு வெள்ளி போய்த் திங்கள் திரும்பினால் இரண்டு நாள் கழியும் (போன நாளும் வந்த நாளும் கழியாது). இப்படி மூன்று பயணத்தை எழுத மறந்திருந்தால் உண்மையான கணக்கு 1,094. ஒரு நாளால் விண்ணப்பம் விழும். இதற்கு மருந்து சட்டத்தரணி அல்ல. ஒரு மாதம் பொறுத்து, உபரி நாள் சேர்த்துக்கொண்டு அனுப்புங்கள்.

அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்குக் கோரிக்கை வெற்றிபெற்ற நாளிலிருந்துதான் அந்த அரைநாள் கணக்கு தொடங்கும். விசாரணைக்குக் காத்திருந்த காலம் சேராது.

அவர்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. கனடாவில் அகதியாக ஏற்கப்பட்டு அதன்வழி பிஆர் எடுத்தவர், சிட்டிசன் ஆகுமுன் இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்தாலோ இலங்கைக்குப் போய்வந்தாலோ, "நீங்கள் அந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடி நாடிவிட்டீர்கள்" என்று சொல்லி அகதி அந்தஸ்தை நீக்கும்படி அரசாங்கம் குடிவரவு அகதிகள் சபையிடம் கேட்கலாம். 2012 டிசம்பர் 15 முதல் உள்ள சட்டப்படி, இந்தக் காரணத்தால் அகதி அந்தஸ்து போனால் பிஆரும் சேர்ந்தே போகும். அம்மாவின் செத்தவீட்டுக்குப் பத்து நாள் போனது, அந்தக் கடவுச்சீட்டில் சென்னைக்குக் கோயில் பார்க்கப் போனது எல்லாம் இதற்குள் வரக்கூடும். சிட்டிசன்ஷிப் படிவத்தில் எல்லாப் பயணத்தையும் நீங்களே எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுக்கிறீர்கள். அதிகாரி கேட்டால் கடவுச்சீட்டின் முத்திரைகளும் போகும். "எல்லாரும்தான் போய்வருகிறார்கள்" என்று சொல்பவர் உங்கள் பைலைப் பார்த்தவர் அல்ல. இப்படியான பயணம் ஒன்று இருந்தால் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு அல்ல, அனுப்புமுன் சட்டத்தரணியைப் பாருங்கள்.

பொலிஸ் கேஸோ புறொபேஷனோ உள்ளவர்கள், ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இராத பிஆர்காரர்கள், முன்பு ஏதாவது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள், பழைய படிவத்தில் மனைவியையோ பிள்ளையையோ காட்டாமல் விட்டவர்கள் ஆகியோரும் தனியாக இறங்கக்கூடாது. காட்டாமல் விட்ட பிள்ளையைப் பிறகு ஸ்பொன்சர் பண்ணப்போனால்தான் அது வெளியே வரும். பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து வருடத் தடை.

காசு வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்யச் சட்டம் அனுமதிப்பது சிலரை மட்டும்தான். மாகாண லோ சொசைற்றியில் (சட்டத்தரணிகளுக்கு லைசன்ஸ் கொடுக்கும் அமைப்பு) பதிவான சட்டத்தரணிகள், கியூபெக்கின் நோட்டரிகள், குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் (பெயர் கல்லூரி என்றாலும் இது ஆலோசகருக்கு லைசன்ஸ் கொடுக்கும் அமைப்பு) பதிவான ஆலோசகர்கள், அதாவது ஆர்சிஐசிகள். ஒன்ராரியோவில் பாராலீகல்களுக்கு (சில வகைச் சட்ட வேலைக்கு மட்டும் லைசன்ஸ் உள்ளவர்கள்) குடிவரவு அகதிகள் சபையின் விசாரணைகள் மட்டும். சிட்டிசன்ஷிப் படிவம் நிரப்பிக் கட்டணம் வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை. எங்கள் ஆட்கள் ஏமாறும் இடம் "நோட்டரி" என்ற சொல். ஊரில் நொத்தாரிசு சட்டம் தெரிந்த பெரிய மனிதர். ஸ்காபரோப் பிளாசாவில் "நோட்டரி பப்ளிக், இமிகிரேஷன்" என்று போர்டு போட்டிருப்பவருக்கு முத்திரை குத்தும் அதிகாரம் மட்டுமே இருக்கலாம். வரி நிரப்புபவருக்கும் ரிக்கெற் விற்பவருக்கும் இதே கதைதான்.

ஆலோசகர் போதுமா, சட்டத்தரணிதான் வேண்டுமா? நேரான ஸ்பொன்சருக்கு அனுபவமுள்ள ஆர்சிஐசி போதும். பெடரல் கோர்ட்டில் உங்களுக்காக நிற்க அவரால் முடியாது. இன்னொரு வித்தியாசம்: சட்டத்தரணியிடம் ஆலோசனைக்காகச் சொன்னது சட்டப்படி இரகசியம், அதை வெளியிடும்படி அரசாங்கம் கேட்க முடியாது. ஆலோசகருக்கு இரகசியம் காக்கும் கடமை உண்டு, ஆனால் அதே சட்டப் பாதுகாப்பு இல்லை. மேலே சொன்ன இலங்கைப் பயணம் போன்ற விஷயத்துக்குச் சட்டத்தரணியே சரி.

பெயர் கிடைத்ததும் அதே நாளில் நீங்களே சோதியுங்கள். அவர் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் கணக்கில் வராது. ஒன்ராரியோ லோ சொசைற்றியின் இணைய டிரெக்டரியில் பெயரைப் போட்டால் லைசன்ஸ் நடப்பில் உள்ளதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று தெரியும். ஆலோசகருக்குக் கல்லூரியின் பொதுப் பதிவேட்டைப் பாருங்கள்: "ஆர்" என்ற எழுத்தில் தொடங்கும் அவரது எண், பெயர், கம்பனி மூன்றும் பொருந்த வேண்டும். எண் நிஜமானதாகவும் அது வேறொருவருடையதாகவும் இருப்பது வழக்கமான மோசடி. எனவே பதிவேட்டில் உள்ள தொலைபேசிக்கு அழைத்து "இந்த ஆள் உங்களிடம்தான் வேலை செய்கிறாரா?" என்று கேளுங்கள். ஆளே தெரியாவிட்டால் லோ சொசைற்றியின் பரிந்துரைச் சேவை ஒருவரைக் காட்டும். அவருடன் 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம். குடியுரிமை, குடிவரவுச் சட்டத்தில் "சேர்ட்டிபைட் ஸ்பெஷலிஸ்ட்" என்று லோ சொசைற்றி அங்கீகரித்தவர்களும் உண்டு.

முதல் சந்திப்புக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். பழைய கடவுச்சீட்டுகள் எல்லாம், பிஆர் உறுதிப்படுத்தல் தாள், முன்பு கொடுத்த ஒவ்வொரு விண்ணப்பத்தின் பிரதி, நிராகரிப்புக் கடிதங்கள், கோர்ட் தாள்கள். அகதிக் கதை எழுதிக் கொடுத்த படிவம் முக்கியம். அதில் 1998 என்று இருந்த திருமணம் ஸ்பொன்சர் படிவத்தில் 1999 என்று வந்தால் விளக்கம் சொல்லவேண்டியவர் நீங்கள்தான். பிரதி இல்லையென்றால் தகவல் அணுகல் சட்டத்தின்கீழ் உங்கள் பைல் குறிப்புகளைக் கேட்கலாம்; கட்டணம் 5 டொலர்.

அங்கே கேட்கவேண்டியது: இதுபோன்ற பைலை முன்பு செய்திருக்கிறீர்களா? என் பைலின் பலவீனம் எது? படிவத்தை நிரப்புவது நீங்களா, அலுவலக உதவியாளரா? பலவீனத்தைச் சொல்லாமல் "கவலைப்படாதீங்கோ, கட்டாயம் கிடைக்கும்" என்று மட்டும் சொல்பவரிடமிருந்து எழும்பி வாருங்கள். "உள்ளே எங்கட ஆள் இருக்கு" என்றால் இன்னும் வேகமாக.

காசு பேசும்போது ஒரே தொகையா, மணிக்கணக்கா என்று எழுத்தில் வாங்குங்கள். அரசாங்கக் கட்டணம், மொழிபெயர்ப்பு, 13 வீத எச்எஸ்ரி (ஒன்ராரியோவின் விற்பனை வரி) சேர்ந்ததா, மேலதிகக் கடிதம் வந்தால் அதற்குத் தனியா, இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். சட்டத்தரணிக்கு முற்பணம் கொடுத்தால் அது அவரது ட்ரஸ்ட் கணக்கில் (வாடிக்கையாளர் காசைத் தனியாக வைக்கும் கணக்கு) இருக்கவேண்டும், வேலை முடிந்து பில் வந்தபின்தான் எடுக்கலாம். பில் அநியாயம் என்று பட்டால் அது கிடைத்து ஒரு மாதத்துக்குள் சுப்பீரியர் கோர்ட்டின் மதிப்பீட்டு அதிகாரியிடம் போகலாம்.

கையெழுத்து வைக்கும்போது ஐஎம்எம் 5476 என்ற படிவத்தைக் கேளுங்கள். உங்கள் பிரதிநிதி யார் என்று ஐஆர்சிசிக்குச் சொல்வது அதுதான். "அது தேவையில்லை, உங்கட பெயரிலேயே அனுப்பலாம்" என்று காசு வாங்குபவர் சொன்னால், தன் பெயர் பைலில் வருவதை அவர் விரும்பவில்லை என்று அர்த்தம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம். உங்கள் மின்னஞ்சல் என்று கேட்கும் இடத்தில் உங்களுடையதே இருக்கட்டும். அங்கே ஏஜென்சிக்காரரின் மின்னஞ்சல் இருந்து, 30 நாளில் பதில் கேட்ட கடிதம் அவருடைய இன்பொக்ஸிலேயே கிடந்து, பைல் மூடப்பட்ட பிறகுதான் விண்ணப்பித்தவருக்கே தெரியவருகிறது. அனுப்பிய முழுப் பொதியின் பிரதியும் ஐஆர்சிசி தந்த பெற்றுக்கொண்ட கடிதமும் உங்கள் கையில் இருக்கவேண்டும்.

நிராகரிப்பு வந்தால் நாளை எண்ணுங்கள். வெளிநாட்டிலிருக்கும் துணைக்கான ஸ்பொன்சர் நிராகரிக்கப்பட்டால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்கு 30 நாள். கனடாவுக்குள்ளிருந்து செய்த துணை விண்ணப்பத்துக்கு அந்த மேன்முறையீடு கிடையாது, பெடரல் கோர்ட்தான், அதுவும் 15 நாளில். சிட்டிசன்ஷிப் மறுப்புக்குப் பெடரல் கோர்ட், 30 நாள். இந்த அவசரத்தில் பைல் குறிப்பு வரட்டும் என்று காத்திருக்க முடியாது. கடிதத்தையும் அனுப்பிய பொதியையும் எடுத்துக்கொண்டு கோர்ட் வேலை செய்யும் சட்டத்தரணியிடம் அந்த வாரமே போங்கள்.

ஆளை மாற்றவேண்டுமானால் அதே 5476இல் பழையவரை நீக்கிப் புதியவரைப் போடலாம். லைசன்ஸ் உள்ளவர்மீது முறைப்பாடு லோ சொசைற்றிக்கோ ஆலோசகர் கல்லூரிக்கோ போகும். லைசன்ஸே இல்லாமல் காசு வாங்கியவரைப் பற்றி எல்லைச் சேவை முகமையிடம் சொல்லலாம், ரசீதும் வட்ஸ்அப் செய்திகளும் அழிக்காமல் வைத்திருந்தால்.