பட்டப்படிப்புக்கு முன் இறையியலைப் பயின்று பார்ப்பது எப்படி?

இறையியலில் முதுநிலைப் பட்டம் பெறப் பொதுவாக 2 முதல் 3 ஆண்டுகள் ஆகும் என்பதால், சேர்வதற்கு முன் ஓர் அறிமுகப் பாடத்தையாவது முழுமையாகப் படித்துப் பார்ப்பது நல்லது. திருச்சபை வரலாறு, கோட்பாட்டு இறையியல், அருள்பணி இறையியல் எனப் பிரிவுகள் பல இருந்தாலும், விவிலிய ஆய்விலிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன்; நம்பிக்கையைக் கல்வித்துறை எப்படி அணுகுகிறது என்பது அங்கேதான் விரைவில் விளங்கும். மாற்கு நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய விவிலியங்களில் பொதுவாக 20 வசனங்கள் கொண்ட அது, 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் என்னும் விவிலியக் கையெழுத்துச் சுவடிகளில் 8-ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. ஏன் என்று தேடிப் படிக்க ஆர்வம் எழுகிறதா, மனம் சங்கடப்படுகிறதா என்பதைக் கவனியுங்கள். இரண்டும் சேர்ந்தே எழலாம்; சங்கடத்தைத் தகுதியின்மையாகக் கருத வேண்டியதில்லை.

யேல் பல்கலைக்கழகம் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு இரண்டுக்குமான அறிமுக விரிவுரைகளை இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. அவற்றைக் கேட்பதோடு நின்றுவிடாமல், உரிய பகுதிகளை வாசித்து, வாரந்தோறும் ஒரு பக்கமாவது எழுதி வாருங்கள், ஏனெனில் பட்டப்படிப்பின் பெரும்பகுதி வாசிப்பும் எழுத்துமே. எபிரேய, கிரேக்க எழுத்துகளையும் சற்றே பழகிப் பார்க்கலாம்.

கட்டணம் செலுத்திச் சேர்வதானால், அந்தப் பாடம் பின்னர் பட்டப்படிப்பில் கணக்கில் கொள்ளப்படுமா என்பதை எழுத்துமூலம் உறுதி செய்துகொள்ளுங்கள். தேர்வு எழுதாமல் பார்வையாளராக மட்டும் அமர்ந்தால் பெரும்பாலும் அவ்வாறு கொள்ளப்படாது. குருத்துவப் பணியை நாடுவோர், தங்கள் திருச்சபை எந்தக் கல்லூரிகளின் பட்டத்தை ஏற்கிறது என்பதை முதலிலேயே விசாரித்துவிட வேண்டும்.