கால் கிலோ சீனியில் பிழைத்த இருப்புக் கணக்கு

சுன்னாகத்தில் மாமாவின் பலசரக்குக் கடைக்கு நான் எழுதிய மென்பொருளில் சீனி இருப்பு மட்டும் உதைத்தது. மூடை கடையில் கிடக்கும், திரையில் முடிந்திருக்கும். தராசைச் சரிபார்த்தேன்; பில் இரண்டு தரம் பதிவாகிறதா என்று தேடினேன். நாலு நாள் வீண்.

கடைசியில் ஒவ்வொரு பைக்கற்றாக விற்றுப் பார்த்தேன். ஒரு கிலோவும் அரைக் கிலோவும் சரி. கால் கிலோ விற்றால் மட்டும் அரைக் கிலோ கழிந்தது! இருப்பை 50 கிலோ மூடைக் கணக்கில், இரண்டு தசம தானத்தோடு வைத்திருந்தேன். அரைக் கிலோ 0.01 மூடை. கால் கிலோ 0.005, அதுவும் 0.01 என மட்டந்தட்டப்பட்டது.

இருப்பு முழுவதையும் கிராமில், முழு எண்ணாக மாற்றினேன். மூடை என்பது 50,000 கிராம். திரையில் காட்ட மட்டும் வகுத்தல். மூடை பிரிக்கையில் சிந்துவதற்கும் தனிப் பதிவு வைத்தேன், இல்லாவிட்டால் திரும்பவும் இழுபடும். நேற்று மாமா நிறுத்துப் பார்த்தார்: பொருந்தியது. பெரிய நிம்மதி.