நடுக்க மாத்திரையும் நாம் செய்யும் தவறுகளும்

கை நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் பார்க்கின்சன் நோயில், அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் குறையக் குறைய, அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு வேதிப்பொருளின் கை ஓங்கிவிடுகிறது. அதை அடக்குவதே ட்ரைஹெக்ஸிபெனிடில் போன்ற மருந்துகளின் வேலை. இந்நோய்க்கு இன்று முதன்மையாகத் தரப்படும் லெவோடோபா மருந்து வருவதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே, பாரிஸில் சார்கோ என்ற நரம்பு மருத்துவர் இதே குணமுள்ள தாவர மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்தார். இவ்வளவு பழகிய மருந்தைத்தான் வீடுகளில் தவறாகக் கையாளுகிறோம்.

கை நடுக்கம் அடங்கியதும் நடையும் சீராகிவிடும் என்று எதிர்பார்ப்பது முதல் தவறு. இம்மருந்து நடுக்கத்துக்கே பெரும்பாலும் உதவும். இறுக்கம் சற்றுத் தளரலாம். அசைவு மந்தமாவதற்கும், அடிக்கடி விழுவதற்கும் இதனால் பெரிய பலன் இல்லை. நடை தேறவில்லையென்று இதையே கூட்டிக் கேட்பது வீண்.

அடுத்தது இன்னும் ஆபத்தானது. எழுபதைத் தாண்டிய பெரியவர் மாலையில் காலி நாற்காலியைப் பார்த்து, “எப்போது வந்தாய்?” என்று விசாரிக்கிறார். வீட்டார் வயதின் மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். போன வாரம் மாத்திரையின் அளவு கூடியது எவருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஞாபகத்துக்கும் அசிட்டைல்கோலின் வேண்டும். அதைத் தடுத்தால் மறதியும் குழப்பமும் மாயத்தோற்றமும் வரலாம். முதியோருக்கு மருத்துவர்கள் இதைக் கூடியவரை தவிர்ப்பது அதனால்தான். அளவு மாறிய தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தால், மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டைலின், சிறுநீர் அவசரத்துக்கான ஆக்ஸிபியூட்டினின் எல்லாமே இம்மருந்தைப் போல அசிட்டைல்கோலினைத் தடுப்பவை. சேர்ந்தால் சுமை கூடும். மறதிக்கு, அசிட்டைல்கோலினைக் கூட்டும் ரிவாஸ்டிக்மின் எடுப்பவருக்கு இந்த நடுக்க மாத்திரையையும் கொடுத்தால் ஒன்று ஏற்றுவதை மற்றொன்று இறக்கும். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

வாய் வறட்சியைப் பலர் சொல்கிறார்கள். எச்சில் வழிபவருக்கு அதுவே ஆறுதலாகவும் இருக்கும். மலச்சிக்கலையும் சிறுநீர் அடைப்பையும்தான் கூச்சத்தில் மறைக்கிறார்கள். ப்ராஸ்டேட் வீக்கமோ கண் அழுத்த நோயோ இருந்தால் முதல் நாளே சொல்ல வேண்டும். வியர்வையும் குறைவதால் கோடை வெயிலில் உடல் சூடு ஏறிவிடும்.

பக்கவிளைவுக்குப் பயந்து ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் இறுக்கமும் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வெளியூர்ப் பயணத்தில் மாத்திரை தீர்ந்துபோனாலும் இதே கதிதான்.