கவருக்குள் சிக்கிய கருமணல்: மெட்டல் டிடெக்டர் காயில் கவரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவொற்றியூர் கடற்கரை, மாசி மாதக் காலை. முந்தின நாள் கடலில் கால் நனைக்கப்போன பக்கத்துத் தெரு அக்கா மோதிரத்தைத் தொலைத்துவிட்டார். "தம்பி, உன்கிட்ட அந்த மெஷின் இருக்குல்ல, கொஞ்சம் வந்து பாரேன்" என்று கூப்பிட்டார். போனேன். அலையோரம் காயிலை, அதாவது மெஷின் கம்பின் அடிமுனையில் இருக்கும் தேடும் தட்டை, வீசத் தொடங்கியதுமே டிடெக்டர் கத்த ஆரம்பித்தது. இடப்பக்கம் வீசினால் ஒரு கத்தல், வலப்பக்கம் திரும்பினால் இன்னொரு கத்தல். தோண்டினால் ஒன்றுமில்லை. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, அது தரையப் பாத்துக் கத்துதா, உன்னப் பாத்துக் கத்துதா?" என்று கேட்டார்.

சென்சிடிவிட்டியைக் குறைத்தேன். மூன்று முறை கிரவுண்ட் பேலன்ஸ் செய்தேன், அதாவது தரையில் உள்ள தாதுக்களுக்குக் கத்தாதபடி மெஷினைச் சரிசெய்தேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். மோதிரம் கிடைக்கவில்லை. மெஷினே போய்விட்டது என்று நினைத்துப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். போர்டில் கோளாறு என்று சொல்லி ஒரு தொகையை வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். அடுத்த வாரமும் அதே கூச்சல். கடைசியில் எரிச்சலில், காயிலின் அடியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கவரை நெம்பிக் கழற்றினேன். உள்ளே ஈரக் கருமணல், தோசைக்கல்லில் தட்டிய அடை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒன்றரை வருடமாக அந்தக் கவரை நான் திறந்தே பார்த்ததில்லை.

காயில் கவர் போடலாமா வேண்டாமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த அடைதான்.

கவர் என்பது பெரிய சமாச்சாரம் இல்லை. காயிலின் அடிப்பக்க வடிவத்துக்கு அச்சாக வார்த்த பிளாஸ்டிக் தட்டு, சுற்றிலும் ஒரு சிறு விளிம்பு, அவ்வளவுதான். அழுத்தினால் 'டக்'கென்று உட்காரும். காயிலுக்குள் செம்புக் கம்பிச் சுற்றுகள் இருக்கும். அவற்றை ஏபிஎஸ் மாதிரியான பிளாஸ்டிக் ஓட்டுக்குள் வைத்து, பிரிக்க முடியாதபடி ரெசின் ஊற்றி அடைத்திருப்பார்கள். ஓடு தேய்ந்து விரிசல் விட்டு உள்ளே உப்புத் தண்ணீர் போனால் கதை முடிந்தது. பெரும்பாலும் காயிலை மாற்றத்தான் வேண்டும். காயில் விலை உங்களுக்கே தெரியும். கவர் விலை அதன் பக்கத்தில் நிற்காது.

அப்படியானால் எல்லோரும் போட வேண்டியதுதானே? அது நீங்கள் எந்தக் கரையில் நடக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவந்த மணல் துறைமுகத்துக்குத் தெற்கே தேங்கியது. மெரினா அவ்வளவு அகலமானது அப்படித்தான். அங்கே மணல் சேரச் சேர, இங்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் கரையை அரித்துக்கொண்டே வந்தது. அதைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள், தூண்டில் வளைவுகள் போட்டார்கள். இன்று நாம் தேடுவதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கற்களுக்கு நடுவில் சேர்ந்த மணல் திட்டுகளில்தான். ஒவ்வொரு வீச்சிலும் காயிலின் மூக்கு கல்லில் இடிக்கும். உடைந்த பாட்டில், சிப்பி, கான்கிரீட் துண்டு எல்லாம் அடியில் உரசும். மெரினா மணலில் மட்டும் நடப்பவர் கவர் இல்லாமலே பல வருடம் ஓட்டிவிடலாம். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கவர் போடாமல் தேடுவது, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது போலத்தான்.

கவர் வேண்டாம் என்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம், ஆழம் குறைந்துவிடும் என்பது. பிளாஸ்டிக் காந்தப்புலத்தை மறைக்காது. கவரால் நீங்கள் இழப்பது அதன் தடிமனை மட்டும்தான், அதாவது இரண்டு மூன்று மில்லிமீட்டர். இதே ஆள் கல்லில் இடிக்குமே என்று பயந்து காயிலைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கிப் பிடித்து வீசுவதைப் பார்த்திருக்கிறேன். மில்லிமீட்டருக்குக் கணக்குப் பார்த்து அங்குலத்தைக் கோட்டைவிடுவது! கவர் இருந்தால் தைரியமாகத் தரையை ஒட்டியே வீசலாம்.

சரி, கருமணலுக்கு வருவோம். பெரும்பாலான தொல்லை இதில்தான்.

நம் கரையில் அலை வடிந்த இடத்தில் கறுப்புக் கோடுகள் தெரியும். அதில் மேக்னடைட், இல்மனைட் போன்ற இரும்புத் தாதுக்கள் இருக்கின்றன. சின்ன வயதில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மணலில் உருட்டி மீசை முளைக்க வைத்த அதே பொருள். காயிலுக்கும் கவருக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும், நுண்மணல் ஏறிவிடும். டிடெக்டருக்குத் தூரம்தான் எல்லாம். காயிலின் அளவைத் தாண்டிய ஆழத்தில், தூரம் இரட்டித்தால் சிறு பொருளின் சிக்னல் பாதியாகக் குறையாது. ஏறக்குறைய 64-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஒரு அடிக்குக் கீழே கிடக்கும் மோதிரம் மெல்ல முனகும்போது, காயிலை ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு சிட்டிகை கருமணல் காதுக்குள் ஒலிபெருக்கி வைத்துப் பேசுகிறது. மோதிரம் எங்கே கேட்கும்?

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நாம் கடற்கரையில் பயன்படுத்தும் டிடெக்டர்களில் பெரும்பாலானவை மாற்றத்தைத்தான் கவனிக்கும். காயிலோடு அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருளை மெஷின் கொஞ்ச நேரத்தில் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். அதனால் காய்ந்து இறுகிய மணல் பல நாள் சத்தம் போடாமலே இருக்கும். நீங்களும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள் ஈரம் பட்டு அந்த மணல் இளகும். வீசும்போது இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் சரியும். ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் கத்தல் வந்ததற்குக் காரணம் இதுதான். உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், கவருக்குள் தளும்பும் ஒரு கரண்டித் தண்ணீர்கூட இதே வேலையைச் செய்யும்.

எண்ணூர் முகத்துவாரப் பக்கம் போகிறவர்களுக்கு இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது: அனல்மின் நிலையச் சாம்பல். நிலக்கரிச் சாம்பலில் இரும்பு ஆக்சைடு துகள்கள் கலந்திருக்கும். மாவைவிட நைசாக இருப்பதால் மணல் நுழையாத இடுக்கிலும் அது நுழையும். கொசஸ்தலை ஆற்றுச் சேற்றோடு சேர்ந்து காய்ந்தால் சிமெண்டு பூசியது போல ஒட்டிக்கொள்ளும். அங்கே போவதாக இருந்தால் நான் கவரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன். அங்கே கல் குறைவு, சேறு அதிகம்.

முழங்கால் தண்ணீரில் இறங்கித் தேடும்போதும் கவரைக் கழற்றிவிடுவதே நல்லது. உள்ளே தண்ணீர் புகுந்து தளும்பும், இழுவை கூடும், மணிக்கட்டு வலிக்கும். தண்ணீரில் இருக்கும்போது அடிப்பக்கம் தேய்வதும் கொஞ்சம்தான்.

உள்ளே மணல் போகிறதென்று தெரிந்ததும் பலருக்கு வரும் அடுத்த யோசனை, விளிம்பை அடைத்துவிடுவது. இன்சுலேஷன் டேப் சுற்றுகிறார்கள். நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை இளகி, அதுவே மணல் பிடிக்கும் ஈக்காகிதமாகிவிடும். ஒரு மாதத்தில் ஓரம் பிரிந்து, ஏறிய மணல் வெளியே வர வழியில்லாமல் அடைபடும். சிலிகான் பூசுவது அதற்குப் பரவாயில்லை. ஆனால் காயிலையும் கவரையும் நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு நாள் முழுக்க நிழலில் உலர்த்தி, இடையில் ஈரமே இல்லை என்று உறுதியான பிறகுதான் பூச வேண்டும். அவசரத்தில் பூசினால் உப்பீரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. எனக்கென்னவோ இந்த வேலையே பிடிக்காது. கழற்றிக் கழுவ ஐந்து நிமிடம் ஆகும் வேலைக்கு எதற்கு இவ்வளவு கட்டுமானம்?

நண்பர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். மீன்பிடித் துறைமுகப் பக்கம் ஃபைபர் படகு ஒட்டுகிறவரிடம் காயிலைக் கொடுத்து, "அடியில ரெண்டு பூச்சு போட்டுக் குடுண்ணே" என்று கேட்டிருக்கிறார். கேட்க நல்ல யோசனை மாதிரித்தான் இருக்கும். கண்ணாடி இழையில் உலோகம் இல்லையே. வில்லங்கம் ரெசினில். படகுக்குப் பயன்படும் பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கும். அது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். காயிலின் அடி குமிழ் குமிழாக எழும்பியது. எடையும் கூடி, பத்து நிமிடம் வீசினால் தோள் இறங்கிவிடும் நிலை. படகுக்காரர் மேல் தப்பில்லை, அவர் படகுக்குச் செய்வதைத்தான் செய்தார். இதே காரணத்துக்காகத்தான் தின்னர், அசிட்டோன், நெயில் பாலிஷ் எடுக்கும் திரவம் எதையும் காயில் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அசிட்டோன் பட்டால் ஏபிஎஸ் கரையும்.

கைவேலையாகக் கவர் செய்துகொள்பவர்களும் உண்டு. பிளாஸ்டிக் தட்டை வெட்டி மாட்டுவது, பழைய டியூப் ரப்பரை ஒட்டுவது, கவருக்குப் பளபளவென்று பெயிண்ட் அடிப்பது. வெள்ளிநிறப் பெயிண்டில் அலுமினியத் தூள் இருக்கலாம், கறுப்பு ரப்பரில் கரி கலந்திருக்கும். எதை மாட்டுவதாக இருந்தாலும், மெஷினை ஓடவிட்டு அந்தப் பொருளைக் காயில் முன்னால் கையால் ஆட்டிப் பாருங்கள். கையில் மோதிரம், வாட்ச் இருக்கக் கூடாது. முனகல் கேட்டாலே அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். அளவு சரியில்லாத கவரும் இதே கணக்குத்தான். 'பதினோரு அங்குலம்' என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரே அங்குலத்தில் வட்டமும் உண்டு, நீள்வட்டமும் உண்டு, ஓரத்தின் உயரமும் மாறும். காயிலின் மாடலைச் சொல்லியே வாங்குங்கள். தொளதொளவென்று ஆடும் கவர் மணலை அழைத்து உட்கார வைக்கும்.

கிரவுண்ட் பேலன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கவர் இல்லாமல் பேலன்ஸ் செய்துவிட்டு, அப்புறம் கல் வந்ததும் கவரை மாட்டுவார்கள் சிலர். சுத்தமான கவர் என்றால் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் அழுக்குக் கவரோடு பேலன்ஸ் செய்தால், மெஷின் தரையையும் கவருக்குள் இருப்பதையும் சேர்த்தே கணக்கில் எடுத்துக்கொள்ளும். கழுவி மாட்டி, தேடப்போகும் இடத்திலேயே, கீழே உலோகம் இல்லாத ஒரு துண்டுத் தரையில் செய்யுங்கள். காய்ந்த மணலில் செய்த பேலன்ஸ் அலையோரத்துக்குச் செல்லாது. பத்தடி நகர்ந்தாலும் மறுபடி செய்வதில் வெட்கமில்லை.

பேச்சோடு பேச்சாக: தேடிக் கிடைத்தது ஈயக்குண்டாகத்தான் இருக்கும். மீனவர் வலையிலிருந்து கழன்ற ஈயமும் தங்க மோதிரமும் மெஷினுக்கு ஏறக்குறைய ஒரே குரல்தான். ஆனால் பழைய நாணயக் குவியல் மாதிரி ஏதாவது மண்ணுக்குள்ளிருந்து வந்தால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருப்பதை மறக்க வேண்டாம். பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கவரைக் கழற்றும் முறையிலும் தப்பு நடக்கிறது. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள். நானே அன்று அப்படிச் செய்து காயிலின் விளிம்பில் ஒரு வெட்டு விழுந்தது, இன்னும் இருக்கிறது. காயில் காய்ந்து மணல் இறுகியிருந்தால் முதலில் பக்கெட் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வையுங்கள். பிறகு பின்பக்கத்திலிருந்து கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்தால் விட்டுக்கொடுக்கும். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். மணலைத் துணியால் துடைத்தால் அதுவே உப்புக் காகிதமாகிக் கீறும். முதலில் தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும், பிரஷ் அப்புறம். மொட்டைமாடி வெயிலில் கவரைக் காயப்போட்டால் மெல்லிய விளிம்பு வளைந்துவிடும். அடுத்த முறை 'டக்'கென்று உட்காராது. நிழல் போதும்.

கழுவி முடித்ததும் கவரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தேய்மானம் எப்போதும் மூக்குப் பக்கம்தான் ஆரம்பிக்கும். அங்கே ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் புதிது வாங்கிவிடுங்கள். முன்னால் ஓட்டை விழுந்த கவர் ஒவ்வொரு வீச்சிலும் மணலைக் கரண்டி மாதிரி அள்ளி உள்ளே போடும்.