சமையலறை சிங்க் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் நாம் பார்க்கும் சிங்க் காய்ந்தும் காலியாகவும் இருக்கிறது. அதில் தண்ணீர் விழுவதில்லை, பாத்திரங்கள் சேர்வதில்லை, அதன் அடியில் அலமாரியோ வடிகுழாயோ கிடையாது. ஆகவே வாங்க வருபவரின் கண்ணில் பளபளப்பும் வெளியளவும் விலையும் மட்டுமே படுகின்றன. பொருத்திய பிறகு அன்றாடம் தொல்லை தருபவையோ பெரும்பாலும் இம்மூன்றிலும் சேராதவை: குனிந்து தேய்ப்பதால் வரும் முதுகுவலி, மூலையில் தேங்கும் பிசுக்கு, மேடையின் அடிப்பக்கம் கசியும் ஈரம், தண்ணீர் விழும்போதெல்லாம் எழும் இரைச்சல். மேடைக்கல்லில் வெட்டிய துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. எனவே இந்தத் தேர்வில் மட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது.

முதல் தவறு, வெளியளவை நம்பி வாங்குவது. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் நீள அகலங்கள் பொதுவாக விளிம்பையும் சேர்த்துச் சொல்லப்படுபவை. 60 செ.மீ. நீளம் என்று குறித்த சிங்கின் இருபுறமும் 3 செ.மீ. விளிம்பு இருந்தால், தொட்டிக்கு எஞ்சுவது 54 செ.மீ. மட்டுமே, மூலைகள் வளைந்தும் சுவர்கள் சரிந்தும் இருந்தால் அடிப்பரப்பு இன்னும் சுருங்கும். பாத்திரம் உட்கார்வது அந்த அடிப்பரப்பில்தான். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. தொட்டியின் உள் அடியளவுக்கு ஒரு செய்தித்தாளை வெட்டித் தரையில் விரித்து, வீட்டில் இருப்பவற்றிலேயே அகலமான பாத்திரத்தைக் கைப்பிடியோடு அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். கைப்பிடி தாளுக்கு வெளியே நீண்டால், அந்தப் பாத்திரம் ஒவ்வொரு நாளும் சாய்ந்தபடியேதான் கழுவப்படும். பாத்திரத்தைச் சுற்றிக் கை புகுந்து தேய்க்க நான்கைந்து சென்டிமீட்டர் இடைவெளியும் எஞ்ச வேண்டும்.

இதே கணக்கை அலமாரிக்கும் போட வேண்டும். 60 செ.மீ. அகல அலமாரி என்பது அதன் வெளியளவு. பக்கப் பலகைகள் இரண்டும் 18 மி.மீ. கனமாக இருந்தால் உள்ளே கிடைப்பது 56.4 செ.மீ. மட்டுமே. மேடைக்கு அடியிலிருந்து பொருத்தும் சிங்குக்கு அதன் விளிம்பும், அதைத் தாங்கும் கொக்கிகளும் இந்த இடத்துக்குள் அடங்க வேண்டும். இதைப் பார்க்காமல் சிங்கை வாங்கிவிட்டு, கடைசியில் அலமாரியின் பக்கப் பலகையைச் செதுக்கி வழி செய்யும் வீடுகள் பல. செதுக்கிய பலகையின் வெட்டுமுகத்தில் ஈரம் ஏறினால் அது ஊதிப் போகும்.

ஒற்றைத் தொட்டியா, இரட்டைத் தொட்டியா என்ற கேள்விக்குப் பலரும் இரட்டையே மேல் என்று யோசிக்காமல் விடை சொல்கிறார்கள். நீளம் போதுமான மேடைக்கு அது சரிதான். ஒன்றில் ஊறவைத்து மற்றொன்றில் அலசலாம். ஆனால் 75 செ.மீ. நீளத்துக்குள் இரண்டு தொட்டிகளை அடக்கினால், நடுத்தடுப்பும் விளிம்புகளும் போக ஒவ்வொன்றும் ஏறத்தாழ 33 செ.மீ. அகலத்தில் நிற்கும். அதில் பெரிய பாத்திரம் இரண்டு தொட்டிகளிலுமே இறங்காது. இடம் குறைவாக உள்ள வீட்டுக்கு, என் கருத்தில், அகலமான ஒற்றைத் தொட்டியும் அதற்குள் வைத்து எடுக்கக்கூடிய ஒரு கூடையுமே பொருத்தம்.

ஆழம் என்பது எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணமும் தவறு. ஆழமான தொட்டியில் தண்ணீர் வெளியே தெறிப்பது குறையும், கழுவாத பாத்திரங்கள் கண்ணில் படாமல் மறையும் என்பவை உண்மையே. ஆனால் கை வேலை செய்வது தொட்டியின் அடித்தளத்தில். மேடையின் மேற்பரப்பு தரையிலிருந்து 85 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, கல்லின் கனம் 2 செ.மீ., அதன் கீழே பொருத்திய தொட்டியின் ஆழம் 25 செ.மீ. என்று கொண்டால், அடித்தளம் 58 செ.மீ. உயரத்தில் அமைகிறது. தினமும் அதிக நேரம் பாத்திரம் தேய்ப்பவர் நிமிர்ந்து நின்று கைகளைத் தளர்த்தித் தொங்கவிடட்டும்; அவரது விரல் நுனிக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். அடித்தளம் அதற்கும் கீழே போனால், குனியாமல் அடியைத் தொடவே முடியாது என்று பொருள். பெரும்பாலான வீடுகளுக்கு 18 முதல் 22 செ.மீ. ஆழமே போதும். அதைவிட ஆழம் வேண்டுமென்றால், மேடையை உயர்த்திக் கட்ட இயலுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இதை முடிவு செய்ய வேண்டியவர் அங்கே நின்று வேலை செய்பவர். பணம் கொடுப்பவரோ கட்டடம் கட்டுபவரோ அவர் சார்பில் முடிவெடுப்பது முறையல்ல.

ஆழத்தால் வரும் மற்றொரு சிக்கல் சுவருக்குள் இருக்கிறது. பழைய 18 செ.மீ. தொட்டியை எடுத்துவிட்டு 25 செ.மீ. தொட்டியை வைத்தால், அதன் கீழுள்ள வளைகுழாயும் 7 செ.மீ. கீழே இறங்கும். சுவரிலுள்ள கழிவுக்குழாயின் வாய் இருந்த இடத்திலேயே இருக்கும். வளைகுழாயின் வெளிவாயைவிட அது உயரமாகிவிட்டால் தண்ணீர் மேல்நோக்கிப் போகாது. தொட்டி மெதுவாக வடியும், குழாயில் கசடு தங்கி நாற்றமெடுக்கும். புதுச் சமையலறை என்றால், சிங்கைத் தேர்ந்தெடுத்த பிறகே கழிவுக்குழாயின் உயரத்தை பிளம்பரிடம் சொல்ல வேண்டும். பழைய சமையலறை என்றால், குழாயின் உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போக வேண்டும்.

இனி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதிகமானோர் வாங்குவது இதுதான்; ஏமாற்றத்துக்கு இடம் அதிகமாக இருப்பதும் இதில்தான். 304 என்ற ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்திருக்கும். 201, 202 ஆகிய ரகங்களில் நிக்கலைக் குறைத்து அதன் இடத்தில் மாங்கனீசு சேர்க்கிறார்கள். விலை குறையும், துருவை எதிர்க்கும் திறனும் குறையும். புதிதாக இருக்கும்போது இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல ஸ்டீல் என்று சொல்லி விற்பார்கள். அந்தச் சோதனை பாதிதான் உண்மை. காந்தம் நன்றாக ஒட்டினால் அது 430 போன்ற நிக்கல் இல்லாத ரகமாக இருக்கலாம் என்று ஐயப்படுவது நியாயம். ஆனால் 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. உண்மையான 304 தகட்டிலும் அழுத்தி வளைத்த மூலைகளில் இலேசாக ஒட்டக்கூடும். எனவே காந்தத்தை வைத்து 304-ஐயும் 202-ஐயும் பிரித்தறிய இயலாது. சிங்கின் மீது ரகம் பொறிக்கப்பட்டிருக்கிறதா, பில்லில் அதை எழுதித் தருகிறார்களா, உத்தரவாதத்தில் துரு அடங்குமா என்பவற்றையே கேட்க வேண்டும். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காமல் வருவது நல்லது.

தகட்டின் கனத்தைச் சொல்லும் கேஜ் எண், கூடக் கூடக் கனம் குறைவதைக் காட்டுவது. 16 கேஜ் ஏறத்தாழ 1.5 மி.மீ., 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மி.மீ., 20 கேஜ் 1 மி.மீட்டருக்கும் சற்றுக் குறைவு. 20 என்பது 16-ஐவிட உயர்ந்தது என்று நினைத்து மெல்லிய தகட்டை வாங்கிவருபவர்கள் உண்டு. கேஜைக் கேட்பதைவிட மில்லிமீட்டரில் கேட்பது தெளிவு. அப்போதும் அந்த அளவு எந்தப் பகுதிக்குச் சொல்லப்படுகிறது என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒரே தகட்டை அச்சில் அழுத்திச் செய்த தொட்டியில், தகடு இழுபட்டு மூலைகளில் மெலிந்திருக்கும். மடித்து வெல்டிங் செய்த சில சிங்குகளிலோ, கண்ணுக்குத் தெரியும் மேல் விளிம்பு மட்டும் 3 மி.மீ. பட்டையாக இருக்கும், தொட்டி 1 மி.மீ. தகடாக இருக்கும். விளிம்பைத் தட்டிப் பார்த்துக் கனத்தை முடிவு செய்பவருக்கு இது தெரிய வழியில்லை. சிங்கைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதற்குத் தயங்கக் கூடாது. அடிப்பக்கத்தில் தடித்த ரப்பர் பட்டைகள் ஒட்டி, பூச்சும் பூசியிருந்தால் தண்ணீர் விழும் ஓசை அடங்கும்; குளிர்ந்த நீர் ஓடும்போது வெளிப்புறத்தில் வியர்த்து அலமாரிக்குள் சொட்டுவதும் குறையும்.

செங்கோணமாக மடிந்த மூலைகள் படத்தில் அழகாக இருக்கின்றன. ஸ்பாஞ்ச் அந்த மடிப்புக்குள் முழுமையாகப் போகாததால், சில வாரங்களில் அங்கே ஒரு கறுத்த கோடு விழுந்துவிடுகிறது. 10 முதல் 15 மி.மீ. வரை வளைந்த மூலை, பார்வைக்கு நேராகவும் துடைப்பதற்கு எளிதாகவும் இருக்கும். அடித்தளம் வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடலாம். ஒரு குவளைத் தண்ணீரைத் தொலைவான மூலையில் ஊற்றச் சொல்லுங்கள். அது தானே ஓடி வடிகாலைச் சேர வேண்டும். வடிகால் நடுவில் இல்லாமல் பின்பக்கம் அமைந்திருந்தால், பாத்திரம் அதை மூடுவது குறையும், கீழே அலமாரியிலும் இடம் மிச்சமாகும்.

மற்ற பொருட்களில் தவறு பெரும்பாலும் நிறத்தைச் சார்ந்தது. குவார்ட்ஸ் அல்லது கிரானைட் துகள்களை அக்ரிலிக் ரெசினில் கலந்து வார்க்கும் சிங்குகள் உறுதியானவை, ஓசை குறைந்தவை. ஆனால் கடினநீர் வரும் வீட்டில் கறுப்புத் தொட்டி வாங்கினால், ஒவ்வொரு நாளும் வெள்ளைப் படிவத்தைத் துடைக்க வேண்டியிருக்கும். வெளிர் நிறத்தில் கறை தெரியும். இடைப்பட்ட சாம்பல் நிறம் இரண்டையும் ஓரளவு மறைக்கும். பீங்கான் வகைச் சிங்கில் கனமான பாத்திரம் தவறி விழுந்தால் இரண்டில் ஒன்று உடையலாம். சூளையில் சுடும்போது சுருங்குவதால், அதன் அளவு ஒன்றுக்கொன்று சில மில்லிமீட்டர் மாறுபடும். ஆகவே அட்டவணையிலுள்ள அளவை வைத்துக் கல்லை வெட்டாமல், வந்திறங்கிய சிங்கையே வைத்து அளவெடுக்க வேண்டும். ஸ்டீல்மேல் நிறம் பூசியவற்றைக் கம்பி நாரால் தேய்க்கும் வழக்கம் உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொருத்தும் முறையை மேடையின் பொருள்தான் முடிவு செய்ய வேண்டும். மேடையின் மேலிருந்து இறக்கும் சிங்கின் விளிம்பு வெட்டுமுகத்தை மூடிக்கொள்வதால், மரப்பலகையின்மேல் லேமினேட் ஒட்டிய மேடைக்கு அதுவே தகுந்தது. அடியிலிருந்து பொருத்தினால் வெட்டுமுகம் வெளியே தெரியும். கல்லுக்கு அதனால் கேடில்லை, பலகைக்கு உண்டு. அடியில் பொருத்துவதன் பயன், குப்பையை மேடையிலிருந்து நேரே தொட்டிக்குள் தள்ளிவிடலாம் என்பது. ஆனால் அதன் எடையைச் சிலிக்கான் பசை மட்டும் தாங்கட்டும் என்று விடுவது பெரிய தவறு. 50 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம் உள்ள தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 40 கிலோ எடை வரும். சிங்கின் எடையும் பாத்திரங்களின் எடையும் அதற்கு மேல். கொக்கிகளோ, அலமாரிக்குள் பதித்த தாங்கு சட்டங்களோ கட்டாயம் வேண்டும். பசையின் வேலை ஈரத்தைத் தடுப்பது.

குழாயைத் தனியாக, பிறகு ஒரு நாள் வாங்கும் வழக்கமும் சிக்கலைத் தரும். குழாயின் மூக்கு நீளம், தண்ணீர் தொட்டியின் நடுவிலோ வடிகாலுக்கு அருகிலோ விழும்படி இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் பின்சுவரை உரசிக்கொண்டுதான் கை கழுவ முடியும். ஆழம் குறைந்த தொட்டிக்கு மிக உயரமான குழாயை வைத்தால் தண்ணீர் சட்டையில் தெறிக்கும். குழாயைத் திறக்கும் கைப்பிடி பின்னோக்கித் திரும்பும் வகை என்றால் சுவருக்கும் அதற்கும் இடைவெளி வேண்டும்; பின்னால் உள்நோக்கித் திறக்கும் சன்னல் இருந்தால் அது குழாயில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நல்ல 304 சிங்கையும் பராமரிப்பால் கெடுக்கலாம். குளோரின் கலந்த பிளீச்சும், தரை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஸ்டீலின் மேலுள்ள காப்புப் படலத்தை அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழியாக்கும். இரும்புக் கம்பி நாரின் துகள்கள் தங்கித் துருப்பிடித்தால், சிங்கே துருப்பிடித்ததுபோலத் தோன்றும். மென்மையான நார், பாத்திரம் கழுவும் சோப்பு, கடைசியில் ஒரு துணி ஆகியவை போதும். தேய்ப்பதும் தகட்டின் இழைக்கோடுகள் ஓடும் திசையில் இருக்கட்டும்.

சிங்க் கைக்கு வந்து சேரும்வரை கல்லை வெட்டச் சொல்லாதீர்கள். பொருத்தி முடித்து, பசை காய்வதற்கு அதன் உறையில் குறித்துள்ள நேரம் கடந்த பிறகு, வடிகாலை அடைத்துத் தொட்டியை முக்கால் பங்கு நிரப்பி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு அடைப்பை ஒரேயடியாக எடுத்து, தண்ணீர் முழு வேகத்தில் இறங்கும்போது கீழேயுள்ள ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூ தாளால் ஒற்றிப் பார்க்க வேண்டும். பணம் முழுவதையும் கொடுத்து, பொருத்தியவரை அனுப்புவது அந்தத் தாள் நனையவில்லை என்று கண்ட பிறகே.