ஏடிஆரா, ஜெட்டா? டிக்கெட் போடும் முன் ஒரு நிமிடம்

சென்னையிலிருந்து தெற்கே போக டிக்கெட் தேடினால் சில ஊர்களுக்கு இரண்டு வகை விமானம் காட்டும். ஒன்று ஏர்பஸ் மாதிரி பெரிய ஜெட், இன்னொன்று ஏடிஆர், அதாவது இறக்கையில் காற்றாடி சுற்றும் சின்ன விமானம். எங்கள் அம்மா அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ஃபேன் வச்ச பிளைட்’. அதில் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்து, அதற்காகவே ஒருமுறை கூடுதல் காசு கொடுத்து, விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து கொட்டாவி விட்டுக்கொண்டே ஜெட்டில் போனோம். இது அம்மாவின் பயம் மட்டுமில்லை. 1990களில் அமெரிக்காவில் காற்றாடி விமானத்தைப் பயணிகள் விரும்பவில்லை என்பதும் ஒரு காரணமாக ஐம்பது சீட் ஜெட்டுகளை வாங்கிக் குவித்தார்கள், அப்புறம் எரிபொருள் விலை ஏறியதும் கட்டுப்படியாகாமல் ஒவ்வொன்றாக ஓரங்கட்டினார்கள்.

என்னைக் கேட்டால், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிற பயணத்துக்கு விமானம் பெரிதாக இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். விதிவிலக்கு உண்டு, வருகிறேன்.

முதலில் எது வருகிறது என்று பாருங்கள். டிக்கெட் போடும் தளத்தில் விமான விவரத்தைத் திறந்தால் பெயரோ குறியீடோ இருக்கும். ஏடி7 என்றால் ஏடிஆர் 72. 320, 32என், 321 எல்லாம் ஏர்பஸ், 738 என்றால் போயிங் 737. ஈ75 என்று வந்தால் அது எம்ப்ரேயர், சின்னதுதான், ஆனால் ஜெட், எனக்கு இவற்றில் பிடித்ததும் அதுதான். ஒன்றுமே புரியாவிட்டால் சீட் மேப்பைப் பாருங்கள், மூன்று மூன்றாக இருந்தால் பெரியது, இரண்டிரண்டாக இருந்தால் சின்னது. கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு, அதனால் இதை மட்டுமே நம்பித் திட்டம் போட வேண்டாம். ஓடுபாதை குட்டையாக இருந்தால் ஏடிஆர்தான் வரும், அதனால் சில ஊர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. சேலத்தின் ஓடுபாதை 1,806 மீட்டர்தான், தூத்துக்குடியில் வெகுகாலம் 1,350 மீட்டர்தான் இருந்தது, யாழ்ப்பாணத்துக்கும் 2019-இல் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது ஏடிஆர்தான். பெரிய விமானம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பக்கத்து ஊரில் இறங்கி டாக்ஸி பிடிக்க வேண்டியிருக்கும்.

நேரக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஏடிஆர் மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர், ஏர்பஸ் 800-க்கு மேல், கேட்டால் பெரிய வித்தியாசம்தான். ஆனால் நானூறு கிலோமீட்டர் தூரத்தில் ஜெட் மேலே ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும், அட்டவணையில் மிச்சமாவது கால் மணியோ இருபது நிமிடமோ. அந்த மிச்சமும் லக்கேஜ் பெல்ட் பக்கத்தில் கரைந்துவிடலாம், ஏனென்றால் ஏடிஆரில் எழுபது எழுபத்தெட்டுப் பேர், ஏர்பஸ்ஸில் 180-க்கு மேல். ஆகவே எது வேகம் என்று பார்க்காமல், எது உங்களுக்குத் தோதான நேரத்தில் கிளம்புகிறது என்று பாருங்கள்.

ஏடிஆர் என்று முடிவானால் பின்னால் உட்காருங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பேருந்துப் பழக்கத்தில் எல்லோரும் முன் சீட்டுக்குக் காசு கட்டுகிறார்கள். பயணிகள் ஏறி இறங்கும் கதவு இதில் வாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, முன்பக்கம் இருப்பது சரக்குக் கதவு. அதனால் முதல் வரிசைக்காரர் கடைசியில்தான் இறங்குவார். போதாக்குறைக்கு, இறக்கைக்குச் சற்று முன்னால் காற்றாடிக்கு நேராக உள்ள வரிசைகளில் மாவு மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பது மாதிரி ஒரு இரைச்சல், பின்னால் போகப் போகக் குறையும். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னலோரம் கீழே பார்க்கத் தடையில்லை, பறப்பதும் இருபதாயிரம் அடிப் பக்கம்தான், ஏரி, வயல், ரோடு எல்லாம் தனித்தனியாகத் தெரியும். நடு சீட் கிடையாது என்பது இன்னொரு லாபம். வெயில் காலத்தில் மட்டும் கைக்கு ஒரு விசிறியோ மடித்த பேப்பரோ வைத்துக்கொள்ளுங்கள், தரையில் நிற்கும்போது ஏசியை ஓட்டத் தனியாகத் துணை எஞ்சின் இதில் இல்லை, மே மாத மீனம்பாக்கத்தில் கிளம்பும்வரை வெந்துபோவோம்.

அப்புறம் பை. மேலே உள்ள பெட்டிகள் சிறியவை, ஏர்பஸ்ஸில் சுலபமாக நுழைகிற டிராலி இதில் நுழையாது. ஒருமுறை படிக்கட்டுக்குக் கீழேயே என் டிராலியைக் கேட்டு வாங்கி டேக் போட்டார்கள். பவர் பேங்க் இருந்தால் எடுத்துவிடுங்கள் என்றார் அந்த ஊழியர், அது சரக்கறைக்குப் போகக் கூடாது, சொன்னது சரிதான். ஆனால் அது இருந்ததோ அடியில். இருபது பேர் பின்னால் நிற்க, விமானத்துக்குப் பக்கத்தில் வெயிலில் குந்தி ஜிப்பைத் திறந்து துழாவினேன், மேலே வைத்திருந்த லுங்கியும் முறுக்குப் பொட்டலமும் வெளியே வந்து விழுந்தன. எல்லாவற்றையும் திணித்து மூடிக் கொடுத்துவிட்டு சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அப்பாவின் மாத்திரையும் அதற்குள்ளேயே போய்விட்டது நினைவுக்கு வந்தது. இப்போதெல்லாம் மாத்திரை, பவர் பேங்க், சாவி, லேப்டாப் எல்லாம் தோள்பையில்தான். டிராலியை நானே முதலிலேயே கவுண்டரில் போட்டுவிடுகிறேன்.

பயத்தைப் பற்றி. ஆட்டம் இருக்கும், மறைக்க மாட்டேன். எடை குறைவு, மேகங்களுக்கு மேலே ஏறாமல் ஊடேதான் போகும், அதனால் குலுங்கும். காலை விமானம் எடுத்தால் பெரும்பாலும் குறையும், மதியத்துக்கு மேல்தான் வெயிலில் மேகம் திரண்டு எழும். ஆட்டம் வேறு, ஆபத்து வேறு. ஏடிஆருக்குப் பாதுகாப்புச் சான்று கொடுப்பதும் ஏர்பஸ் 320-க்குக் கொடுப்பதும் ஒரே விதித்தொகுப்பின் கீழ்தான், காற்றாடியைச் சுற்றுவதும் ஜெட்டில் இருப்பது மாதிரி உள்ளே இருக்கும் டர்பைன் எஞ்சின்தான். விபத்தே இல்லை என்று சொல்லவில்லை, 2023 ஜனவரியில் நேபாளத்தின் பொக்காராவில் ஏடிஆர் விழுந்து 72 பேர் இறந்தார்கள், விமானிகள் அறையில் தவறான நெம்புகோல் இழுக்கப்பட்டதை விசாரணை காட்டியது. 1994-இல் அமெரிக்காவில் ஒன்று விழ இறக்கையில் படிந்த பனி காரணமானது. ஜன்னல் வழியே இறக்கையின் முன்விளிம்பில் கறுப்பு ரப்பர் பட்டை தெரிகிறதே, அது காற்றில் உப்பி அந்தப் பனியை உடைக்கத்தான். இதை அம்மாவுக்குக் காட்டிச் சொன்னேன், “அப்ப பனி பிடிக்கும்னுதானே அர்த்தம்?” என்று கேட்டார், அதோடு விட்டுவிட்டேன்.

சரி, எப்போது ஜெட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்? பயணம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் கொடுங்கள், அந்த இரைச்சலில் அதற்கு மேல் உட்கார முடியாது. முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் கூட வந்தால் கொடுங்கள், ஏடிஆருக்குப் பெரும்பாலும் ஏரோபிரிட்ஜ் கிடையாது, பேருந்தில் போய்ப் படியேற வேண்டும். அப்படியும் அதில்தான் போயாக வேண்டும் என்றால் டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள், கேட்டில் போய்க் கேட்டால் காத்திருக்க வேண்டியதுதான். சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானத்தைப் பிடிக்கப் போகிறவர்கள் பெரிய விமானமா என்று பார்ப்பதைவிட, உங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு ஒரு நாளைக்கு எத்தனை விமானம் என்று பாருங்கள், ஒன்றோ இரண்டோ என்றால் அது ரத்தானால் அடுத்தது கிடையாது. நானாக இருந்தால் முந்தின இரவே ரயிலேறிவிடுவேன்.